திவால் மனு: கோர்ட் கட்டணத்தை இடையாள் கையில் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் கிரெடிட் கார்டும் ஆஸ்பத்திரி பில்லும் சேர்ந்து மூச்சுமுட்டி, சாப்டர் 7 மனு (கடனை ரத்து செய்யக் கேட்கும் திவால் மனு) போடலாமா என்று யோசிக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்காக இதை எழுதுகிறோம்.

வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாத ஒரு பெண்மணி, "பேப்பர் வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றவரிடம் போனார். அந்த ஆள் தன் கூலியோடு கோர்ட் கட்டணம் 338 டாலரையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். கோர்ட்டுக்குப் போனதோ 103ஏ படிவம், அதாவது கட்டணத்தைத் தவணையில் கட்டுகிறேன் என்ற விண்ணப்பம். கையெழுத்து அந்தப் பெண்மணியுடையது. எதில் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. முதல் தவணை போய்ச் சேர்ந்தது, மீதியை அந்த ஆள் வைத்துக்கொண்டார். மனு தள்ளுபடியானது. மனு போட்டதும் நின்றிருந்த சம்பளப் பிடித்தம் மறுபடி தொடங்கிவிட்டது.

நஷ்டம் 338 டாலரோடு நிற்காது. தள்ளுபடியாகி ஒரு வருஷத்துக்குள் மறுபடி மனு போட்டால், கடன்காரர்களைத் தடுக்கும் பாதுகாப்பு 30 நாள்தான். கோர்ட்டில் கேட்டு நீட்டிக்க வேண்டும். அதே ஒரு வருஷத்தில் இரண்டு மனு தள்ளுபடியாகியிருந்தால் அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்கவே கிடைக்காது.

வக்கீல் அல்லாத இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டம் கறாரான எல்லை போட்டிருக்கிறது. நீங்கள் சொல்வதைப் படிவத்தில் நிரப்பித் தரலாம், அவ்வளவுதான். சாப்டர் 7-ஆ, கடனைத் தவணையில் கட்டும் சாப்டர் 13-ஆ, எந்தச் சொத்தைக் காப்பாற்றலாம் என்றெல்லாம் ஆலோசனை சொல்லக்கூடாது. தயாரித்த படிவத்தில் தன் பெயர், முகவரி போட்டுக் கையெழுத்திட வேண்டும். கோர்ட் கட்டணத்தை உங்களிடமிருந்து வாங்கவே கூடாது. "என் பேர் எதிலும் வேண்டாம், நீங்களே நிரப்பினதா சொல்லுங்க" என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பெண்மணி கட்டணமே இல்லாமல் மனு போட்டிருக்கலாம். குடும்ப வருமானம் அரசின் வறுமை வரம்பில் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்து, தவணையில்கூடக் கட்ட முடியாத நிலை என்றால், 103பி படிவம் கொடுத்து முழு விலக்கு கேட்கலாம். இரண்டையும் காட்ட வேண்டும். கடைசி முடிவு நீதிபதியுடையது. மறுத்தாலும் தவணை இருக்கிறது: அதிகபட்சம் 4, மனு போட்ட 120 நாளுக்குள். ஒவ்வொரு தவணையையும் நீங்களே கோர்ட் கிளார்க்கிடம் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை வகுப்பு ஒன்று, மனு போட்டபின் நிதி மேலாண்மை வகுப்பு ஒன்று. இரண்டும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில்தான் செய்ய வேண்டும். கட்ட முடியாதவர்களுக்கு அவர்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும். நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இரண்டாவது வகுப்பை மறந்தால் கடன் ரத்தாகாமலே வழக்கு மூடப்படும். திறக்க மறுபடி பணம்.

வக்கீல்களிடமும் ஒரு இடத்தில் உஷார். "முன்பணமே வேண்டாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனால், பல நேரம் தள்ளிவிடுவது சாப்டர் 13-க்கு. அங்கே வக்கீல் ஃபீஸ் மாதத் தவணைக்குள் அடக்கம். 3 முதல் 5 வருஷம் கட்ட வேண்டும். வீட்டுக் கடன் பாக்கியைச் சரிக்கட்டி வீட்டைக் காப்பாற்ற வேண்டியவருக்கு அது சரி. வீடும் இல்லை, இருப்பது கார்டு கடன் மட்டும் என்பவருக்கு எதற்கு? நடுவில் வேலை போய்த் தவணை நின்றால் வழக்கு தள்ளுபடி. கட்டியதில் பெரும்பங்கு ஃபீஸுக்குப் போயிருக்கும், கடன் அப்படியே நிற்கும். "எனக்கு ஏன் 7 சரிவராது?" என்று கேளுங்கள். காரணம் சொல்லாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் உங்கள் பகுதி இலவச சட்ட உதவி அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், ரசீதும் வாட்ஸப் செய்திகளும் எதையும் அழிக்காமல், திவால் வழக்குகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான யு.எஸ். ட்ரஸ்டி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இடையாள் மோசடி செய்தது நிரூபணமானால், உங்கள் நஷ்டத்தோடு 2,000 டாலரோ நீங்கள் கொடுத்த கூலியின் இரு மடங்கோ, எது அதிகமோ அதையும் தரச்சொல்லி கோர்ட் உத்தரவிடும்.