திரிபோஷாவா, டின் பால்மாவா?

பிறக்கும் பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. இலங்கையில் எடை குறைந்த பிறப்பு நம் தேயிலைத் தோட்டப்புறத்தில்தான் அதிகம் என்பதால், கர்ப்பிணிகள் கேட்கும் கேள்வி இது: கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவைச் சாப்பிடுவதா, கடையில் வாங்கும் பால்மாவைக் குடிப்பதா?

செலவு: திரிபோஷா கிளினிக்கில் இலவசம். தாய்மாருக்கான பால்மா, சம்பளத்தில் ஒரு துண்டு.

சத்து: முன்னதில் சோளம், சோயா, இரும்புச்சத்து. பின்னதில் கல்சியம், புரதம்.

வசதி: பால்மாவுக்குச் சுடுதண்ணீர் போதும். திரிபோஷாவைச் சீனி, தேங்காய்ப்பூவோடு உருண்டை பிடித்தால் கொழுந்து மலைக்கே கொண்டுபோகலாம். ஆனால் லயத்துப் பிள்ளைகளெல்லாம் கை நீட்டும். பாக்கெட் பாதியிலேயே காலி!

என் ஓட்டு திரிபோஷாவுக்கு. மசக்கையில் அது இறங்காதவர்களுக்குப் பால்மா சரி. அப்புறம், இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், பாலோடும் வேண்டாம். இரண்டுமே இரும்பை உடம்பில் சரியாகச் சேர விடாது.