சுண்டல் குழம்புக்கு ஒரு கல்சட்டி

கொலு வைக்காத வீட்டில்தான் நவராத்திரிச் சுண்டல் அதிகம் சேரும். எங்கள் வீட்டில் கொலு கிடையாது. ஆனால் எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டில் உண்டு. போகிற இடமெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஒரு டப்பா. ஐந்தாம் நாளுக்குள் ஃப்ரிட்ஜில் கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பட்டாணி எல்லாம் வரிசை கட்டிவிடும். என் வீட்டுக்காரரோ "நேத்துச் சுண்டலா?" என்று கேட்ட கையோடு தட்டைத் தள்ளிவிடுவார்.

இந்த வருஷம் நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பு, தோழிக்குத் துணையாக மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குக் கொலு பொம்மை வாங்கப் போனேன். அவள் பொம்மை வாங்கினாள், நான் வேறொரு கடையில் கல்சட்டி வாங்கினேன். சேலத்து மாக்கல் என்கிற மென்மையான கல்லில் குடைந்தது, ஒன்றரை லிட்டர் பிடிக்கும். 1,100 சொல்லி 950 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம். சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி வைத்து, தினமும் மாற்றி, ஒரு வாரம் பழக்கினேன். அப்புறம் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து உள்ளும் புறமும் தடவி இரண்டு நாள் விட்டேன். சாம்பல் நிறச் சட்டி கறுத்துப் போனது. குக்கரில் சோறு வைக்கிற எனக்கு ஒரு வாரம் கஞ்சி தேற்றுவதுதான் பெரிய பாடாக இருந்தது.

அந்தச் சட்டியில் முதலில் வைத்தது சுண்டல் குழம்பு. மேல்வீட்டு அக்கா கொடுத்த கொண்டைக்கடலை சரியாக வேகவில்லை. பல்லில் நறுக்கென்றது. இதை நேராகப் புளியில் போட்டால் எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது, புளிப்பு பயறை மெத்தென்று ஆக விடாது. அதனால் வெறும் தண்ணீரில் குக்கரில் இன்னும் நாலு விசில் விட்டேன். காராமணிச் சுண்டலில் ஒரு கைப்பிடி எடுத்து, அதிலிருந்த தேங்காயோடு அப்படியே அரைத்துக்கொண்டேன். குழம்பைக் கெட்டியாக்க அது போதும். கல்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், கத்தரிக்காய். எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி, சாம்பார் பொடி போட்டுப் பச்சை வாசனை போனதும் கடலையும் விழுதும் சேர்த்தேன். உப்பு மட்டும் கடைசியில், ருசி பார்த்துத்தான். சுண்டலில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதே. தேங்காய் போட்ட சுண்டல் சீக்கிரம் ஊசிவிடும், மோந்து பார்க்காமல் சட்டியில் கொட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை வந்த வெல்லச் சுண்டல் இதில் சேராது, அதை ஃப்ரிட்ஜ் வாசலில் நின்றபடியே தின்றுவிட்டேன்.

அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு சில நிமிஷம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கொதியில்தான் எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதும் நல்ல சூடு. இதையெல்லாம் என் எவர்சில்வர் பாத்திரத்தில் எதிர்பார்க்க முடியாது.

குறையும் இருக்கிறது. நான் வாங்கிய சட்டிக்கு அடி சமமாக இல்லை, காஸ் அடுப்பில் லேசாக ஆடுகிறது. கடையில் தரையில் வைத்துச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். நிரம்பியிருக்கும்போது தூக்க இரண்டு கையும் வேண்டும், பிடித்துணி தடிமனாக இருக்க வேண்டும். சூடேற நேரமாகும். தீயைச் சட்டென்று கூட்டினால் விரிசல் விடும் என்கிற பயத்தில் பக்கத்திலேயே நிற்கிறேன். காலையில் ஆபீஸ் அவசரத்துக்கு இது ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் என்றால் 950 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். ஐந்துக்கு நாலு மார்க் கொடுப்பேன், அந்த ஒன்று ஆடுகிற அடிக்காக.

வீட்டுக்காரர் இரண்டு முறை குழம்பு போட்டுக்கொண்டார், நான் வாயே திறக்கவில்லை. மேல்வீட்டு அக்காவின் டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று அதிலேயே கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் லிஃப்டில் பார்த்ததும் கேட்டார்: "கொண்டைக்கடலை எந்தக் கடையில வாங்கினே? எவ்வளவு நல்லா வெந்திருக்கு!"