வேறு வருஷத்து பவர் சீட்: ஒயரை எங்கே கோர்ப்பது?

பழைய சாமான் கடையில் பவர் சீட் (மோட்டாரால் நகரும் கார் சீட்) வாங்கித் தங்கள் காரில் மாட்டப் போகிறவர்கள் முதலில் தோலைத் தடவிப் பார்ப்பார்கள். நான் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்ப்பேன். அதே கார், அதே போல்ட் துளை, நாலு வருஷம் தள்ளி வந்த டாப் வேரியன்ட் என்றாலும், கீழே தொங்கும் கப்ளர், அதாவது ஒயர்களை இணைக்கும் பிளக், வேறு கதை சொல்லும்.

மெமரி (உட்காரும் நிலையை நினைவில் வைத்து, மறுபடி அங்கேயே போய் நிற்பது) இல்லாத சீட் என்றால் பெரும்பாலும் தடித்த ஒயர் இரண்டுதான் விஷயம். ஒன்று பேட்டரி லைன், இன்னொன்று எர்த். இரண்டும் நேராக சுவிட்சுக்குப் போகும். எட்டுத் திசையில் நகரும் சீட்டில் நான்கு மோட்டார். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரு முனையும் எர்த்தில் நிற்கும். முன்னால் தள்ளினால் ஒரு முனைக்கு 12 வோல்ட், பின்னால் தள்ளினால் மறு முனைக்கு. காரின் கம்ப்யூட்டருக்கு இதில் வேலையே இல்லை என்பதால், எந்த வருஷத்து சீட் என்பதும் இந்த மோட்டார்களுக்கு ஒரு பொருட்டில்லை.

மெமரி சீட் அப்படியல்ல. சுவிட்ச் சொல்வதை சீட்டுக்கு அடியில் உள்ள மாட்யூல் (சின்ன கம்ப்யூட்டர் பெட்டி) கேட்டு, அதுதான் மோட்டாரை ஓட்டுகிறது. எவ்வளவு நகர்ந்தது என்று, மோட்டார் சுற்றுவதைக் காந்தத்தை வைத்து உணரும் ஹால் சென்சாரின் துடிப்பை எண்ணிக்கொள்கிறது. காரோடு அது கேன் லைனில் (காரின் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் ஒயர்) பேசும். சில மாட்யூல் கரண்ட் கொடுத்தாலே ஓடிவிடும். சில, காரிலிருந்து எழுப்பும் சிக்னல் வராதவரை அசையாது. அப்போது மாட்யூலைக் கழற்றிவிட்டு, மோட்டாரைச் சாதாரண சுவிட்சில் கோர்க்கலாம். மெமரி போய்விடும். கூடவே, ஓட்டத்தின் முடிவுக்குச் சற்று முன்பே நிறுத்தும் பாதுகாப்பும் போய்விடும். மோட்டார் முட்டி நின்று கரண்டை இழுக்கும்.

முழு ஹார்னஸையும் (ஒயர் கட்டு) மாற்றி, புது சீட்டைக் காரின் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தும் கோடிங் போடுவது மூன்றாவது வழி. சீட் வந்த கார் முழுசாகக் கண்ணெதிரே நின்று, இரண்டு காரின் எலக்ட்ரானிக்ஸும் ஒரே தலைமுறையாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். என் ஓட்டு மெமரி இல்லாத சீட்டுக்கே.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது? சிகரெட் லைட்டர் ஒயரில் ஒட்டுப்போடுவதுதான் ரொம்ப எளிது, அதனாலேயே பலர் செய்கிறார்கள். அந்த ஒயரும் அதன் ஃபியூஸும் சீட் மோட்டாருக்குக் கணக்குப் பண்ணி வைத்தவை அல்ல. பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்து, பேட்டரி முனைக்கு அருகிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதே அளவு காலி இடம் இருந்து, அதற்குப் பின்னால் தடித்த லைன் வந்திருந்தால் அது இன்னும் அழகு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்படி நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் இயங்கும் சுவிட்ச்) சேர்க்கலாம்.

இனி மஞ்சள் கப்ளர். மோட்டார் ஓடியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சீட்டின் பக்க ஏர்பேக், விபத்தில் பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர் எல்லாம் இதில்தான். வருஷம் மாறினால் கப்ளரும் மாறலாம், ஏர்பேக்கும் மாறலாம். இது ஒத்துப்போகாவிட்டால் எரியும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை அணைக்க ரெசிஸ்டர் வைத்துத் தருகிறேன் என்பார் சிலர். விளக்கு அணையும், விபத்தில் பை விரியாது. மல்டிமீட்டரை அந்த முனைகளில் வைக்கவே வேண்டாம். அதன் கரண்டே பையை வெடிக்க வைக்கலாம். தொடும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிக் காத்திருங்கள். டொயோட்டா 90 விநாடி சொல்கிறது, ஹோண்டா 3 நிமிடம்.

பக்கத்து சீட்டில் இன்னொரு சிக்கல். அமெரிக்க விதிப்படி 2003 முதல் 2006 வரை படிப்படியாக வந்த ஏர்பேக் மாற்றத்தால், அங்கே விற்ற கார்களின் பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று உணரும் சென்சார் பரவலானது. அது உள்ள காரில் சென்சார் இல்லாத பழைய சீட்டைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். சென்சாரோடு போட்டாலும் மறுபடி அளவு சரிபார்க்க வேண்டியிருக்கும். பெல்ட் பக்கிளில் உள்ள சுவிட்ச் ஒத்துப்போகாவிட்டால், மாட்ட முடிகிற இடத்தில் காரின் பழைய பக்கிளையே மாற்றிப் பூட்டுங்கள்.

கடைசி போல்ட்டை முறுக்கும் முன், சீட்டைக் கடைசி வரை முன்னும் பின்னும் ஓட்டி, ஒயர் தண்டவாளத்தில் சிக்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.