நானா, அவளா, அவரா? ஒரு நகைக்கடன் காட்சியை வைத்து ஓர் அலசல்

கதை எழுதத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அதே நாலைந்துதான். 'நான்' என்று எழுதட்டுமா, 'அவள்' என்று எழுதட்டுமா? உரையாடலை எந்தத் தமிழில் வைப்பது? 'வந்தாள்' நல்லதா, 'வருகிறாள்' நல்லதா? முடிவைத் தீர்மானித்துவிட்டு உட்காரலாமா, போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாமா? பொதுவாகப் பதில் சொல்லப்போனால் 'அதுவும் சரி, இதுவும் சரி' என்று தலையாட்டத்தான் முடியும். அதனால் ஒரே காட்சியை ஒவ்வொரு வழியிலும் எழுதிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

காட்சி நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் வருவது. கொங்குப் பக்கத்து ஊர். ராசாத்தி, வயது 45, விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறவள். இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்க வங்கிக்கு வந்திருக்கிறாள். ('வேலை செய்கிறவள்' என்று எழுதும்போதே ஒரு முடிவை எடுத்துவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

நான் / அவள்

முதலில் 'நான்':

"கூண்டுக்குள் இருந்தவர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க எனக்குக் கழுத்து கூசியது. எத்தனை கிராம் என்று கேட்டார். பதினாறு என்றேன். தராசைப் பார்த்துவிட்டுப் பதினைந்தரை என்றார். அரை கிராம் எங்கே போச்சு என்று கேட்க வாய் வரவில்லை."

இப்போது 'அவள்':

"கூண்டுக்குள் இருந்தவர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்தார். ராசாத்தி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எத்தனை கிராம் என்றார். பதினாறு என்றாள். தராசு பதினைந்தரை காட்டியது. அவர் அதை எழுதிக்கொண்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை."

நடந்தது ஒன்றுதான். முதலாவதில் அரை கிராம் உறுத்தியதை ராசாத்தியே சொல்லிவிடுகிறாள். நாமும் பாவம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இரண்டாவதில் 'அவள் ஒன்றும் கேட்கவில்லை' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பயமா, கூச்சமா, கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பா? அதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு 'நான்' இனிக்கக் காரணம் அது டைரி மாதிரி வழுக்கிக்கொண்டு போவதுதான். ஆனால் அதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று சத்தம். தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டு வருகிறார். "எழுந்தேன். குளித்தேன். சாப்பிட்டேன். பஸ் ஏறினேன்." நாலு வரி சேர்ந்தாற்போல் வந்தால் கதை முழுக்க யாரோ 'ஏன், ஏன்' என்று நச்சரிப்பதுபோல் ஆகிவிடும். வினையெச்சத்தில் கோத்தோ, எழுவாயை வேறு பொருளுக்கு மாற்றியோ இதைச் சமாளித்துவிடலாம். மேலே உள்ள பத்தியில் 'எனக்குக் கழுத்து கூசியது' என்று வந்தது அந்த வேலைதான்.

இரண்டாவது குழி ஆழமானது. ராசாத்தி 'நான்' என்று சொல்லத் தொடங்கிவிட்டால் கதையின் கடைசி வரி வரைக்கும் அது அவள் வாய். 'மனத்தின் விளிம்பில் ஒரு வெறுமை படர்ந்தது' என்று எழுதக் கை துடிக்கும். அப்படி அவள் சொல்வாளா? அங்கே எழுத்தாளர் தன் படிப்பை அவள் வாயில் திணிக்கிறார். பத்திரிகைக்கு வருகிற தன்மைக் கதைகளில், அதாவது 'நான்' சொல்லும் கதைகளில், நான் அதிகமாகப் பார்ப்பது இந்தக் கோளாறுதான்.

'நான்' நவீன பாணி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரமே (1879) நாயகன் தன் கதையைத் தானே சொல்வதுதான். இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதும் சட்டமில்லை. அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு நாவல் அதன் நாயகன் சந்திரசேகரன் ஒருவனையே 'நான்' என்றும் 'அவன்' என்றும் மாறி மாறிச் சொல்கிறது. அதை முதல் கதையிலேயே செய்து பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

என் ஓட்டு 'அவளு'க்கு. ஆனால் 'அவள்' என்று முடிவு செய்ததும்தான் உண்மையான தலைவலி ஆரம்பிக்கிறது.

அவள் / அவர்

மேலே உள்ள இரண்டாவது பத்தியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நகை மதிப்பிடுகிறவர் 'அவர்', 'தேய்த்தார்'. ராசாத்தி 'அவள்', 'என்றாள்'. அந்த ஆளுக்கு முப்பது வயதுதான் என்று வைத்துக்கொள்வோம். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த பெண்ணுக்குக் கிடைக்காத 'ர்' அவருக்கு ஏன் கிடைத்தது? கூண்டுக்குள் இருக்கிறார், சட்டைப்பையில் பேனா இருக்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் எனக்குச் சூடு பட்டிருக்கிறது. என் ஆரம்பகாலக் கதை ஒன்றில் ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு பூக்காரியும் வருவார்கள். நூலகத்தில் நடந்த வாசிப்பில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "ரெண்டு பேருக்கும் ஒரே வயசுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் டீச்சர் மட்டும் ஏன் 'வந்தார்', பூக்காரம்மா ஏன் 'வந்தாள்'?" என்று கேட்டார். மரபு, கதைசொல்லியின் கோணம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வினைமுற்று இருக்கிற வரை இதிலிருந்து நழுவ முடியாது. பெயரை மட்டும் எழுதித் தப்பிக்கலாம் என்று பார்த்தால் 'ராசாத்தி வந்…' என்பதற்கு அப்புறம் ஏதாவது ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். சரி, மரியாதை கொடுத்துவிடுவோம் என்று மாற்றினால்:

"எத்தனை கிராம் என்றார். பதினாறு என்றார். தராசு பதினைந்தரை காட்டியது. அவர் அதை எழுதிக்கொண்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை."

யார் சொன்னது, யார் கேட்கவில்லை? இரண்டு 'அவர்'களும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் பெயர் போட வேண்டி வருகிறது. நடை செய்தித்தாள் வாடை அடிக்கிறது. ராசாத்தியும் நம்மைவிட்டு நாலடி தள்ளிப் போய் நிற்கிறாள்.

அந்த மனிதரை 'அவன்' ஆக்கினால்? "கூண்டுக்குள் இருந்தவன் சங்கிலியை உரைகல்லில் தேய்த்தான்." கதை உடனே அவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அவன் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. இருவரும் சமமாகிவிட்டார்கள் என்றாலும் வில்லன் வாசனை வந்துவிட்டது.

நான்காவது வழி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது: செயலை ஆளிடமிருந்து எடுத்து உடம்புக்கும் பொருளுக்கும் கொடுப்பது. "ராசாத்தியின் கை கழுத்துக்குப் போயிற்று. தராசு பதினைந்தரையில் நின்றது. பேனா அதை எழுதியது." அஃறிணை முடிவு வந்துவிட்டால் மரியாதைக் கேள்வியே எழாது. இரண்டு பக்கம் தாங்கும். கதை முழுக்க இப்படியே ஓட்டினால் மனிதர்கள் இல்லாத ஊருக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

இங்கேதான் 'நான்' மறுபடி எட்டிப் பார்க்கிறது. ராசாத்தி சொல்லும் கதையில் அவள் ஒருவரை 'அவர்' என்றும் இன்னொருவரை 'அவ' என்றும் சொன்னால், அது அவள் பார்வை. யாருக்கு எத்தனை மரியாதை வைத்திருக்கிறாள் என்பதே அவளைப் பற்றிய செய்தியாகிவிடும். படர்க்கையில் அதே ஏற்றத்தாழ்வு ஆசிரியர் கணக்கில் எழுதப்படும். தன்மைக்கு நான் தரக்கூடிய பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

எழுத்துத்தமிழ் / பேச்சு / வட்டாரம்

உரையாடலில் வழி மூன்று. கூண்டுக்கு முன்னாலேயே நிற்போம். ராசாத்தி கேட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துத்தமிழில்:
"இதை எப்போது வாங்கினீர்கள்?"
"என் திருமணத்தின்போது வாங்கியது. அரை கிராம் குறைகிறதே, ஐயா?"
"அணிந்து அணிந்து தேய்ந்திருக்கும்."

பொதுப் பேச்சில்:
"எப்ப வாங்குனது இது?"
"கல்யாணத்துக்குப் போட்டது சார். அரை கிராம் குறையுதே?"
"போட்டுப் போட்டுத் தேஞ்சிருக்கும்மா."

கொங்குப் பேச்சில்:
"இது எப்ப எடுத்தது, அம்மிணி?"
"கண்ணாலத்துக்கு எடுத்ததுங்க. அரை கிராம் கொறையுதுங்களே?"
"போட்டுப் போட்டுத் தேஞ்சிருக்கும்."

முதலாவதை அதிகம் பேச வேண்டாம். வரலாற்றுக் கதைக்கும் தொன்மக் கதைக்கும் அது பொருந்தும். இன்றைய வங்கியில் இப்படிப் பேசினால் வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது பத்திரிகையும் தொலைக்காட்சியும் பழக்கிவைத்த தமிழ். கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை தடங்கல் இல்லாமல் புரியும். எந்த ஊரிலும் யாரும் முழுக்க அப்படிப் பேசுவதில்லை என்பதுதான் அதன் குறை.

மூன்றாவதில் நடப்பதைக் கவனியுங்கள். அவள் பேசும் இரண்டு வாக்கியத்திலும் 'ங்க' இருக்கிறது. கூண்டுக்குள் இருப்பவர் பேச்சில் ஒன்றுகூட இல்லை. 'அம்மிணி' என்பதில் கொஞ்சம் வாஞ்சை இருக்கிறது, கொஞ்சம் மேட்டிமையும் இருக்கிறது. யார் கை மேலே, யார் கை கீழே என்று ஒரு விவரணை வரி இல்லாமலே தெரிந்துவிட்டது. வட்டார வழக்கை ஊர் வாசனைக்குத் தெளிக்கும் பன்னீர்போல் பயன்படுத்துகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். வழக்கின் பலம் அபூர்வச் சொற்களில் குறைவு. வாக்கியத்தின் வாலில் யார் எதை ஒட்டுகிறார், எதை ஒட்டாமல் விடுகிறார் என்பதில்தான் அது அதிகம்.

இது புதுப் பரிசோதனையும் அல்ல. ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் நாவல் கொங்கு வழக்கில் வந்தது 1942இல். கி. ராஜநாராயணன் ஒருபடி மேலே போய், கதை சொல்லும் நடையையே கரிசல் காட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார், வட்டார வழக்குக்கு ஓர் அகராதியும் தொகுத்தார். அவருடைய 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 'வழக்கில் எழுதினால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது' என்று பயமுறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் பயத்தில் ஒரு நியாயமும் உண்டு. ஒலியை அப்படியே எழுத்தில் பிடிக்கப் போகிறவர்கள் 'வர்றேன்', 'வரேன்', 'வாரேன்' மூன்றையும் ஒரே ஆள் வாயில் கலந்து வைப்பார்கள். வாசகருக்கு மொழி தடையாவதில்லை, இந்தத் தடுமாற்றம்தான் தடை. ஒரு பாத்திரத்துக்கு நாலைந்து ஒலி அடையாளங்களைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாமல் வைத்துக்கொண்டால் போதும், மிச்சத்தை வாசகரின் காது போட்டுக்கொள்ளும். அப்புறம், நீங்கள் வளராத ஊரின் வழக்கை எழுதுவதானால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சினிமாவில் கேட்ட நெல்லைத் தமிழை நெல்லைக்காரர் படித்தால் இரண்டாவது வரியில் சிரித்துவிடுவார்.

வந்தாள் / வருகிறாள்

இது சின்ன விஷயம். நிகழ்காலத்தில் எழுதினால் காட்சி கண்முன் நடக்கும் என்கிறார்கள். திரைக்கதை அப்படித்தான் எழுதப்படுகிறது, குறும்படம் பக்கமிருந்து கதைக்கு வருகிறவர்களுக்கு அதுவே கைப்பழக்கம். ஆனால் 'தேய்க்கிறார், பார்க்கிறார், கேட்கிறார், சொல்கிறாள்' என்று அந்தக் 'கிற' வந்து விழுகிற சத்தத்தைக் கேளுங்கள். கடந்தகாலத்தில் 'தேய்த்தார், பார்த்தார், கேட்டார், சொன்னாள்' என்று சொல்லுக்குச் சொல் உருவம் மாறுகிறது, காதுக்கு அலுப்பில்லை. திண்ணையில் கதை சொல்கிறவர்கள் இறந்தகாலத்தில் ஓட்டிக்கொண்டே போய், முக்கியமான இடத்தில் மட்டும் "பார்க்கறேன், ஆளைக் காணோம்!" என்று நிகழ்காலத்துக்குத் தாவுவார்கள். அந்த ஒரு தாவலுக்காக நிகழ்காலத்தைச் சேமித்து வைப்பது நல்லது என்பது என் கட்சி.

முன்கூட்டியே முடிவா, போகிற போக்கிலா

நீளம்தான் இதைத் தீர்மானிக்கிறது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்தது. அத்தனை பாத்திரங்களோடு வாரத் தவணையில் ஓடுகிற கதையை ஒரு வரைபடமும் இல்லாமல் எழுத முயன்றால் பத்தாவது வாரத்தில் யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று நமக்கே மறந்துவிடும். நாவலுக்கு யார், எந்த ஊர், எந்த வருடம் என்றாவது ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது பிழைப்புக்கு வழி.

பத்துப் பக்கச் சிறுகதைக்கு அதே முறையைக் கொண்டுவந்தால் பாத்திரங்கள் முடிவை நோக்கி மந்தைபோல் ஓட்டப்படுவார்கள். போகிற போக்கில் எழுதுவதற்கும் ஒரு விலை உண்டு: குப்பைக்கூடை சீக்கிரம் நிறையும். மூன்று முறை திருத்தி எழுத மனமில்லாதவர்கள் திட்டம் போட்டே எழுதலாம்.

ராசாத்தி கதைக்கு நான் திட்டம் போட்டிருந்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள், கணவன் சண்டை போடுகிறான், முடிவு. அரை கிராம் அந்தத் திட்டத்தில் கிடையாது. எடை போடும் இடத்தை எழுதும்போது, இருபத்திரண்டு வருடம் கழுத்தில் கிடந்த சங்கிலி சரியாகப் பதினாறு கிராம் இருக்குமா என்று சந்தேகம் வந்து, எண்ணை மாற்றினேன். அதன் பிறகு ராசாத்தி வங்கியைவிட்டு வெளியே வர மறுத்துவிட்டாள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு டோக்கன் எண் கூப்பிடும்போதும் நிமிர்ந்து பார்க்கிறாள். என் குறிப்பேட்டில் 'கணவன், சண்டை, முடிவு' என்று இன்னும் அடிக்கோடு போட்டு இருக்கிறது. ஏழு பக்கம் ஆகியும் கணவன் வரவில்லை.