பஞ்சு பறக்கிற ஊரில் சத்தமில்லாத கூலர்

என் கணினியின் பிராசஸரைக் குளிர்விக்கும் நாக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம், எடை, வெப்பக் குழாய்களின் எண்ணிக்கை எல்லாம் வாங்க நினைப்பவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். 2014 இல் வந்த பொருள். அதற்குப் பிறகு எத்தனையோ கூலர்கள் வந்துவிட்டன. அந்த நிறுவனமே 2024 இல் ஜி2 என்று அடுத்த தலைமுறையை இறக்கிவிட்டது. ஆகவே விவரப் பட்டியலை மறுபடியும் ஒப்பிக்கப் போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது பஞ்சைப் பற்றி.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம். அந்தப் பக்கம் நகரி. எங்கே போனாலும் விசைத்தறிதான். எங்கள் வீட்டிலும் கீழே அப்பாவின் தறிக்கூடம், மாடியில் என் அறை. கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். இரவில் தமிழிலும் தெலுங்கிலும் பாடங்களுக்குக் குரல் பதிவு செய்கிறேன். தறி ஓடுகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாத கூலர் தேடுகிறாயே என்று சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டும். பகலில் அமைதி எனக்கு எதற்கு? இரவு தறிகளை நிறுத்திய பிறகுதான் மைக்கைத் திறக்கிறேன். அந்த நேரத்தில் அடுத்த வீட்டுச் சுவர்க் கடிகாரம்கூடப் பதிவில் விழும்.

தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே தெரியும்: சீரான சத்தம் தொந்தரவு இல்லை, மாறுகிற சத்தம்தான் தொந்தரவு. எங்கள் அம்மா எல்லாத் தறியும் ஓடும்போது மதியத் தூக்கம் போடுவார். ஒரு தறி நின்றால் எழுந்துவிடுவார். கூலர் விமர்சனங்களில் டெசிபல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். முழு வேகத்தில் 24.6 டெசிபல் என்று நாக்டுவா சொல்கிறது, சரிதான். ஆனால் என்னைப் போன்றவனை எரிச்சலூட்டுவது அந்த எண் அல்ல. பிரவுசரைத் திறந்தால் மின்விசிறி ‘விர்’ என்று எழும்பி, இரண்டு நொடியில் அடங்கி, அடுத்த சொடுக்கில் மறுபடியும் எழும்பும் பாருங்கள், அதுதான்.

முன்பு என்னிடம் இருந்தது ஒரு திரவக் கூலர். அதில் பம்பு நிற்காமல் மெல்லிய கீச்சுக் குரலில் பாடும். உள்ளே காற்றுக் குமிழ் சேர்ந்துவிட்டால் கொப்பளிக்கும். குரல் பதிவில் அந்தக் கீச்சை நீக்கினால் என் குரலின் ‘ச’வும் சேர்ந்து மழுங்கியது. காற்றில் குளிரும் கூலரில் பம்பு கிடையாது. குழாய்க்குள் இருக்கும் கொஞ்சம் திரவம் பிராசஸர் சூட்டில் ஆவியாகித் தகடுகளுக்குப் போகிறது, அங்கே குளிர்ந்து, குழாயின் உட்சுவர் வழியாகத் தானே ஊர்ந்து திரும்புகிறது. கெட்டுப்போகக்கூடிய பொருள் மின்விசிறி ஒன்றுதான். அதை மாற்றுவதும் சுலபம்.

என் பிராசஸர் ரைசன் 9 7950எக்ஸ். 2022 செப்டம்பரில் வந்தது, 16 கோர். இதைப் பற்றி வாங்குபவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளாதது ஒன்று உண்டு. வேலைச் சுமை முழுவதுமாக ஏறும்போது 95 டிகிரி வரை போய் நிற்கும்படிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல கூலரை மாட்டினால் சூடு குறையும் என்று எதிர்பார்க்கிறோம். பிராசஸரோ, இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் 95ஐத் தொடப் பார்க்கிறது. மின்சாரம் 230 வாட் வரை இழுக்கும். போதாததற்கு, சூடு உற்பத்தியாகும் சில்லு நகத்தளவுதான்; அதன் மேல் மூடி தடிமனானது. பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கு (பிராசஸரைச் செருகும் இடம்) வந்த கூலர்கள் அப்படியே பொருந்த வேண்டும் என்பதற்காக உயரத்தை மாற்றாமல் வைத்ததன் விளைவு அந்தத் தடிமன். எனவே சூடு மேலே வந்து சேர்வதே தாமதம். எவ்வளவு பெரிய கூலராக இருந்தாலும் அந்த நெரிசலை அதனால் தீர்க்க முடியாது.

அதனால் வாங்கிய கையோடு பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) ஈகோ மோடைப் போட்டு மின்சாரத்தை 142 வாட்டுக்குக் கட்டினேன். வீடியோ ஏற்றுமதி நேரம் பத்தில் ஒரு பங்குகூட அதிகமாகவில்லை. சத்தம் மட்டும் வேறு உலகத்துக்குப் போய்விட்டது. அடுத்து மின்விசிறி வேகக் கோடு: 70 டிகிரி வரை நிமிடத்துக்கு 600 சுற்றைத் தாண்டக் கூடாது, அதற்கு மேலும் படிப்படியாகத்தான் ஏற வேண்டும், சூடு திடீரென்று குதித்தால் சில நொடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டே எழும்ப வேண்டும். மின்விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும். பெரிய கூலர் வாங்குவதன் முழு நியாயமும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது: தகடுகளின் பரப்பு அதிகம், அதனால் குறைந்த காற்றே போதும்.

இன்னொரு சின்ன வேலையும் செய்தேன். ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு மின்விசிறிகள் அருகருகே இருந்தால் இரண்டின் ஒலியும் கலந்து அலை அலையாக ஏறி இறங்கும். எந்தப் பிராண்டு ஆனாலும் இது ஒலியின் இயல்பு. ஜி2வில் இதற்காகவே ஒரு மின்விசிறியைக் கொஞ்சம் கூடுதல் வேகத்திலும் மற்றதைக் கொஞ்சம் குறைவாகவும் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். நான் இரண்டையும் மதர்போர்டில் தனித்தனி இணைப்பில் செருகி, கூலரின் இரண்டு தகட்டுக் கோபுரங்களுக்கு நடுவில் இருப்பதன் வேகத்தை நன்றாக விலக்கி வைத்தேன். அலை நின்றது.

அன்றிரவு பதிவு செய்ததைக் கேட்டபோது கணினி இருக்கிற அறை என்றே தெரியவில்லை. இப்போது எனக்குக் கேட்பதெல்லாம் கிராபிக்ஸ் கார்டின் சுருள்கள் போடும் முனகலும் யுபிஎஸ் ரீங்காரமும்தான். ஒன்று அடங்கினால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது வெளியே வரும். இதற்கு முடிவே இல்லை. அதைக் கூலரின் கணக்கில் எழுத முடியாது. மின்விசிறிகளின் பழுப்பு நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கேபினட் மேசைக்குக் கீழே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்? 6 ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது. புதிய சாக்கெட் வந்தால் ரசீதைக் காட்டி மாட்டும் பாகங்களை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பாராட்ட வேண்டியதை எல்லாம் பாராட்டிவிட்டேன்.

இனி பஞ்சு.

தறியில் ஓடுகிற பாவுநூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அச்சிலும் விழுதிலும் உரசி உரசிக் கஞ்சித் தூளும் நூல் தும்பும் சேர்ந்து உதிரும். இது ரோட்டுத் தூசி மாதிரி அல்ல. ரோட்டுத் தூசி கனமானது, கீழே படியும், ஊதினால் பறந்துவிடும். தும்பு மிதந்துகொண்டே இருக்கும், காற்று எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். என் அறையில் காற்றை இழுக்கும் ஒரே இடம் அந்தக் கேபினட்டின் முகப்பு. முகப்பு முழுக்கப் பெரிய பெரிய ஓட்டைகள். காற்றோட்டத்துக்காகவே வடிவமைத்தது என்று விளம்பரம். உள்ளே ஒரு வடிகட்டிகூட வைக்கவில்லை. அதை வடிவமைத்த புண்ணியவானை ஒரு வாரம் எங்கள் தறிக்கூடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

கோடையில் இது பெரிதாகத் தெரிவதில்லை. திருத்தணிப் பக்கம் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. அறையின் சூட்டுக்குக் கீழே எந்தக் காற்றுக் கூலரும் பிராசஸரைக் கொண்டுபோக முடியாது என்பதால், சூடு ஏறினால் வெயில்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் குட்டு வெளிப்படும். வெளியே குளிர்ந்து கிடக்கும், உள்ளே பிராசஸர் கொதிக்கும். ஈரக் காற்றில் கஞ்சித் தூள் இளகி, தும்போடு ஒட்டி, முதல் கோபுரத்தின் முகத்தில் தகடுகளின் இடைவெளி தெரியாமல் ஒரு படலமாகப் பிடித்துவிடுகிறது. இந்த மழையில் கழற்றிப் பார்த்தேன். ஒரு மூலையை நகத்தால் நெம்பி இழுத்தேன். தோசைக்கல்லிலிருந்து தோசை வருவதுபோல முழுதாக உரிந்து வந்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் அப்பா அந்த வாரம் ஓட்டிய பச்சை நூலின் சாயம். பின்பக்கத்தில் தகடுகளின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன.

சுத்தம் செய்வது என்றால் சும்மா ஊதுவது இல்லை. கம்பிக் கொக்கிகளை விடுவித்து மின்விசிறிகளைக் கழற்ற வேண்டும். நடு மின்விசிறி இரண்டு கோபுரங்களுக்கு இடையில் இருப்பதால் கையை நுழைக்க இடம் குறைவு. இரட்டைக் கோபுரக் கூலர் எதுவானாலும் இந்தப் பாடு உண்டு. பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, பிறகு காற்று வந்த திசைக்கு எதிராக, பின்னாலிருந்து முன்னால் ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் தும்பு உள்ளே போய் அடைந்துகொள்ளும். ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்வது முக்கியம். விட்டால் புளோயர் காற்றில் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் வீணாகும். அப்பா தறிக்கு வைத்திருக்கும் கம்ப்ரஸரைக் கொண்டுவரட்டுமா என்று ஆசையாகக் கேட்டார். அந்தக் காற்றில் தண்ணீர்த் துளியும் வரும். வேண்டவே வேண்டாம் என்றேன்.

சுத்தம் செய்து மூடிய பிறகு வழக்கமான ஏற்றுமதி வேலையைக் கொடுத்தால் பழையபடி எழுபதுகளில் போய் நிற்கிறது. ஆனால் மறுபடியும் எத்தனை நாளைக்கு? பஞ்சு சேரச் சேரக் காற்று குறைகிறது, காற்று குறையக் குறைய மின்விசிறி வேகம் கூடுகிறது, வேகம் கூடக் கூட அதிகப் பஞ்சை இழுக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கிய அமைதியை என் வீட்டுக் கீழ்த்தளமே பிடி பிடியாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அந்தத் தளத்தின் வருமானத்தில்தான் இந்தக் கணினியை வாங்கினேன் என்பதால் கோபப்படவும் முடியவில்லை.

கடைசியில் உதவியது கொசுவலை. முதலில் அப்பா கொடுத்த மெல்லிய துணியைக் கட்டிப் பார்த்தேன். பஞ்சு நின்றது, காற்றும் சேர்ந்து நின்றது. கொசுவலையின் கண் பெரிது, தும்பு நுழைந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் நீளமான தும்பு குறுக்கே மாட்டிக்கொள்கிறது. அதன்மேல் அடுத்த தும்பு மாட்டுகிறது. பழைய பிரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டையை உருவி வலையின் நான்கு ஓரத்திலும் வைத்துத் தைத்து, கேபினட்டின் இரும்பு முகப்பில் ஒட்டிவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை உருவி, ஈரக் கையால் ஒரு வழிப்பு, அவ்வளவுதான். பஞ்சு பிடிக்கட்டும், வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் பிடிக்கட்டும். இவ்வளவு விலைகொடுத்து வாங்கிய பொருளைக் காப்பாற்றுவது கந்தல் வலையும் காயலான்கடைக் காந்தமும்தான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்கூட இருக்கிறது.

இதை எழுத வைத்தது நகரியில் இருக்கும் என் மனைவியின் தம்பி. புதுக் கணினி சேர்க்கிறான். அவன் வீட்டிலும் தறி. "பாவா, உங்களிடம் இருக்கிற அதே கூலரை வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். வாங்காதே என்றேன். 142 வாட்டுக்குக் கட்டிவிட்டால் அதில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போதும். அதிலும் 6 வெப்பக் குழாய், இரண்டு மின்விசிறி. அல்லது பிராசஸரையே 65 வாட் ரைசன் 9 7900 ஆக எடுத்துக்கொள். டப்பாவிலேயே கூலர் வரும், பஞ்சடைத்தால் மனம் வலிக்காது. தறி வீட்டில் மலிவான பொருள்தான் நிம்மதி என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்களுடையதைப் பாதி விலைக்கு எனக்குக் கொடுத்துவிடுங்கள் பாவா, நீங்கள் அந்த மலிவான கூலரை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான்.

கொடுக்க மாட்டேன். முழு விலை கொடுத்தாலும் மாட்டேன். கொசுவலை வேண்டுமானால் மிச்சம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகட்டும்.