ஒகோனி பெல்ஸ் தொட்டிச்செடி: வாங்கலாமா?

ஒகோனி பெல்ஸ் என்பது மணி போல வெள்ளைப் பூ விடும் சின்னக் காட்டுச்செடி. உள்ளங்கை அகலத் தொட்டியில் நாலைந்து இலை, விலை 18 டாலர். அமெரிக்காவில், தென் கரோலினாவின் கிரீன்வில் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கி வந்தேன். இந்தக் காசுக்கு மல்லிகையே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் முணுமுணுப்பு.

விலையில் நியாயம் இருக்கிறது. வட, தென் கரோலினா, ஜார்ஜியா மலைக்காடுகளில், ஓடைக்கரை நிழலில் கொஞ்சம் இடங்களில்தான் இது தானாக வளர்கிறது. 1788-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆந்த்ரே மிஷோ சேகரித்த காய்ந்த செடியை அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே 1839-இல் பாரிஸில் பார்த்தார். காய் இருந்தது, பூ இல்லை. திரும்பி வந்து மலையெல்லாம் தேடியும் அகப்படவில்லை. கடைசியில் 1877-இல் வட கரோலினாவில் 17 வயதுப் பையன் ஒருவன் கண்ணில் பட்டது. அப்புறம் 1970-களில் தென் கரோலினாவில் அணை கட்டி ஜொகாசி ஏரி நிரம்பியபோது, இந்தச் செடி மண்டிக் கிடந்த பள்ளத்தாக்குகள் தண்ணீருக்குள் போயின. அதனால் காசு கொடுப்பதற்கு முன்னால், காட்டில் தோண்டி வந்த செடியா என்று கேட்டுவிடுங்கள். என்னிடம் விற்ற அம்மா, தன் பாத்தியிலேயே பிரித்து வளர்த்தது என்றார். தொட்டியைக் கவிழ்த்து வேரையும் காட்டினார்.

குறை என்றால் லேபிள்தான். ‘பாதி வெயில்’ என்று அச்சடித்திருந்தார்கள். நான் அதை நம்பாமல் ரோடோடென்ட்ரான் புதருக்கடியில், மக்கிய இலையும் ஈரமுமாக இருந்த புளிப்பு (அமில) மண்ணில் வைத்தேன். முதல் வசந்தத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த மார்ச் கடைசியில் ஒரே ஒரு பூ. சிவந்த காம்பில் தலை கவிழ்ந்த வெள்ளை மணி. இதழ் ஓரம் முழுக்கக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டதுபோல் பல் பல்லாக இருந்தது. மண்டிபோட்டுக் குனிந்தால்தான் முகம் தெரியும். வாசனையை எதிர்பார்க்காதீர்கள். பூ போனாலும் இலை போவதில்லை, குளிரில் செம்பு நிறமாகிப் பளபளக்கிறது. எனக்கென்னவோ பூவைவிட அதுதான் பிடிக்கிறது.

படர்வது ரொம்ப மெதுவாக. தோட்டத்தில் நிழல் இல்லாதவர்கள் மார்ச் கடைசியில் ஜொகாசி ஏரிக்கரையில் உள்ள டெவில்ஸ் ஃபோர்க் பூங்காவுக்குப் போனால் போதும். ஒன்றரை மைல் நடையில் ஓடையோரம் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், தினமும் வந்து தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஜூலை வெயிலில் மண் காய்ந்தால் செடி தாங்காது.