வாண்டர்பில்ட் வகையா, எல்எஸ்யூ வகையா: பிட்சர் பையனுக்குக் கல்லூரி பேஸ்பால் அணி தேடுபவர்களுக்கு

எங்கள் மகன் பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். கடைசியில் கையில் மிஞ்சியது இரண்டு கல்லூரிகள், இரண்டுமே நடுத்தர அணிகள், பெயர் வேண்டாம். ஒன்றில் பேர்போன பிட்சிங் கோச், ஆனால் வந்து சேர்ந்து ஒரு வருடம்தான். இன்னொன்றில் ஹெட் கோச்சும் பிட்சிங் கோச்சும் பல வருடமாக இடம் மாறாதவர்கள். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம், இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஏன் என்பதை எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பெரிய அமெரிக்கக் கல்லூரி அணிகளை வைத்தே சொல்கிறேன்: கோச்கள் நிலைத்து நிற்கும் வகைக்கு வாண்டர்பில்ட், ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வகைக்கு எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்).

மைதானம், ஜிம், அதிவேகக் கேமரா, பந்தின் சுழற்சியை அளக்கும் கருவி இதெல்லாம் இன்று நல்ல அணி எதிலும் இருக்கிறது. 2023 ஜூலையில் சம்பளமில்லாத வாலண்டியர் கோச் பதவியை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ எடுத்துவிட்டது. அதிலிருந்து ஒரு ஹெட் கோச், மூன்று உதவியாளர் என்பதுதான் பொதுவான அமைப்பு. அதனால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை.

எல்எஸ்யூவை முதலில் பார்ப்போம். ஜே ஜான்சன் 2022 சீசனில் பொறுப்பேற்றார். முதல் வருடம் பிட்சிங் கோச் ஜேசன் கெல்லி, அது முடிந்ததும் வாஷிங்டனுக்கு ஹெட் கோச்சாகப் போய்விட்டார். அடுத்து வந்த வெஸ் ஜான்சன், மேஜர் லீக் என்னும் உச்சத் தொழில்முறைப் போட்டியில் ஆடும் மினசோட்டா ட்வின்ஸ் அணியின் வேலையை சீசன் நடுவிலேயே விட்டுவிட்டு வந்தவர். ஒரே வருடம் இருந்தார், 2023ல் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பை ஜெயித்ததும் ஜார்ஜியாவுக்கு ஹெட் கோச். 2024 முதல் நேட் யெஸ்கி. மூன்று சீசனில் மூன்று பேர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஒரே வருடத்தில்தான் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார் (அத்தனை முறை பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார்), மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். 2025லும் கோப்பை எல்எஸ்யூவுக்கே. கோப்பையை மட்டும் பார்ப்பவருக்கு விவாதமே கிடையாது.

ஆனால் ஸ்கீன்ஸ் ஏர் ஃபோர்ஸ் அகாடமியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு, தயாராக வந்து சேர்ந்தவர். ஒரு வருடத்துக்கு ஒரு நல்ல கோச் கிடைத்தால் அவருக்குப் போதும். பதினெட்டு வயதில் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராகப் போகும் பையனின் கணக்கு வேறு. பதினோராம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1க்கு முன் கல்லூரி கோச்கள் பையனோடு பேசவே கூடாது. அந்தச் சமயத்தில் வாய் வார்த்தையாக ஒப்புக்கொண்டால், கல்லூரியில் கால் வைக்க இன்னும் இரண்டு வருடம். அதன்பிறகு நான்காண்டுக் கல்லூரியில் மூன்று வருடம் முடித்தால், அல்லது 21 வயதானால்தான் டிராஃப்ட். ஆக ஐந்து வருடம். கோச்கள் அணி மாறுவதோ ஜூன், ஜூலையில். உங்களைக் கூப்பிட்டுப் பேசியவர் அந்த ஐந்து கோடையையும் தாண்டி அதே நாற்காலியில் இருப்பாரா என்பதுதான் என் கண்ணில் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பிட்சருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மேஜர் லீகில் அடுத்த பந்து என்ன என்பதைப் பெரும்பாலும் கேட்சரும் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) பிட்சரும்தான் முடிவு செய்கிறார்கள். கல்லூரியில் அநேகமாக எல்லா அணியிலும் மைதான ஓரத்து டக்அவுட்டில் இருந்தபடி பிட்சிங் கோச்சே ஒவ்வொரு பந்தையும் சொல்கிறார், முன்பு கைச்சைகையில், இப்போது மின்னணுக் கருவியில். பையன் எப்போது ஸ்லைடர் (பக்கவாட்டில் விலகும் பந்து) போடுவான், எந்த நேரத்தில் அவன் சேஞ்சப்பை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) நம்பலாம் என்பதெல்லாம் அந்த ஒரு மனிதரின் தலையில் இருக்கிறது. அவர் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும். கை விஷயமும் அப்படித்தான். முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று வந்துவிட்டால் ஆட்டத்துக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரும்போது புது கோச் நின்றால், அடிபடுவதற்கு முன் இந்தப் பையன் எப்படி வீசினான் என்பதை வீடியோவில் மட்டும் பார்த்த ஒருவர் கையில் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாண்டர்பில்ட்டில் டிம் கார்பின் 2003 சீசனிலிருந்து ஹெட் கோச். அன்றிலிருந்து 2025 வரை பிட்சிங் கோச் என்று இருந்தது இரண்டே பேர்: டெரெக் ஜான்சன், 2012ல் அவர் மேஜர் லீக் பக்கம் போனதும் ஸ்காட் பிரவுன். டேவிட் பிரைஸ் ஜான்சனிடம் வளர்ந்தவர், 2007 டிராஃப்டில் முதல் இடம். பிரவுன் காலத்தில் 2014, 2019 என்று இரண்டு கோப்பைகள். தாய்வழியில் இந்திய வம்சாவளியான குமார் ராக்கர் 2019ல் ட்யூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தது முதல் வருட மாணவனாக. அதே ராக்கரும் ஜாக் லைட்டரும் 2021ல் ஆளுக்கு 179 ஸ்ட்ரைக்அவுட். சேர்ந்த நாள் முதல் ஒரே கண்ணின் கீழ் வளர்ந்த பிட்சர்கள் இவர்கள். மேஜர் லீகுக்குப் போனவர்கள் குளிர்காலத்தில் திரும்பி வந்து அங்கேயே பயிற்சி எடுக்கிறார்கள், அதற்கும் காரணம் இந்தத் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் கல்லூரி அந்த உயரத்தில் இல்லை. ஆனால் போய்ப் பார்த்த அன்று பிட்சிங் கோச் மடிக்கணினியைத் திறந்து, கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு பையனின் இரண்டு வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார். ஒன்று அவன் சேர்ந்த புதிதில் எடுத்தது, இன்னொன்று அந்த வாரத்தியது. முதலாவதில் முன்கால் மூன்றாம் பேஸ் பக்கம் ஒதுங்கி விழுகிறது, உடம்பு குறுக்கே திரும்பிக் கை பின்னாலேயே இழுபடுகிறது. இரண்டாவதில் கால் நேராக கேட்சரை நோக்கி இறங்குகிறது. இரண்டையும் எடுத்தவர் அவரேதான், நடுவில் எந்த மாதம் எதை மாற்றினார் என்று பார்க்காமலே சொன்னார். மற்ற கல்லூரியில் கருவிகள் இன்னும் புதுசு, கோச்சின் பேச்சும் கூர்மை, ஆனால் அவர் அங்கேயே வளர்த்த பையன் என்று காட்ட இன்னும் யாரும் இல்லை.

மறைக்காமல் சொன்னால், நிலைத்த குழு என்பதால் வெற்றி வந்துவிடாது. 2025ல் நாட்டிலேயே முதல் தரவரிசையோடு பிளேஆஃபுக்குள் போன வாண்டர்பில்ட், சொந்த மைதானத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. தேசியக் கோப்பையின் இறுதிக்கட்டம் நடக்கும் ஒமாஹாவுக்கு 2021க்குப் பிறகு 2025 வரை போகவும் இல்லை. அப்புறம், எந்தக் குழுவும் நிரந்தரம் என்று நம்பிவிடவும் கூடாது. டென்னசி கல்லூரி அணியை எட்டு சீசன் நடத்தி 2024ல் கோப்பையும் வாங்கித் தந்த டோனி விடெல்லோ, 2025 அக்டோபரில் மேஜர் லீக் அணியான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மேனேஜராகப் போய்விட்டார். கல்லூரி தொடங்கி இலையுதிர்காலப் பயிற்சி நடக்கும் மாதம் அது.

பேட்டர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. நிறையப் பேட்டர்கள் வெளியே தனிப் பயிற்சியாளர் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஹிட்டிங் கோச் மாறினால் இந்த அளவு ஆட்டம் காணாது என்று தோன்றுகிறது. அதை ஷார்ட்ஸ்டாப், அவுட்ஃபீல்டர் பெற்றோரிடம் கேளுங்கள். பிட்சர் வீட்டுக்காரர்கள் கல்லூரிக்குப் போகும்போது ஹெட் கோச்சிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்: கடைசி மூன்று பிட்சிங் கோச்கள் யார் யார், எதற்காகப் போனார்கள், இப்போது இருப்பவர் ஜூலையில் போய்விட்டால் என் பையனின் கையை அடுத்த நாள் காலையில் யார் பார்ப்பார்கள்.